காயலான் கடைக்குப் போகும் முன் ஒரு படம்

வடசென்னையில் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை பல இடங்களில் நடக்கிறது. காலி செய்யச் சொல்லித் தேதி கொடுத்ததும் டிவி, பீரோ, கட்டில் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். திரி ஸ்டவ், பித்தளைச் செம்பு, பிடி போன தூக்கு, துருப்பிடித்த அரிவாள்மனை மாதிரிச் சாமான்கள் வாசலிலேயே நிற்கும். சாயங்காலத்துக்குள் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போய்விடுவார். அம்மிக்கல்லை மட்டும் அவரும் சீண்ட மாட்டார்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பொருட்களைப் படமெடுத்துப் பிழைப்பவன். பாத்திரக் கடை, ஸ்வீட் கடை, ஆன்லைனில் புடவை விற்பவர்கள் என் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு எல்லாமே ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று வர வேண்டும். சில வருடங்களாக வேறு மாதிரி ஆட்களும் படியேறி வருகிறார்கள். "அண்ணே, இது எங்க ஆயாவோடது. தூக்கிப் போடப் போறோம், ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க." இதற்கு ஸ்டூடியோவே வேண்டாம், உங்கள் போன் போதும் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் எடுக்கும் முறை, கடைக்கு நான் எடுப்பதற்கு நேர் எதிர்.

முதல் விஷயம், தேய்க்காதீர்கள். படம் எடுக்கப் போகிறோம் என்றதும் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தூசியைத் துணியால் தட்டினால் போதும். செம்பின் கழுத்தில் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம், தோசைக்கல்லின் ஓரத்துக் கரி, கேரம் போர்டில் அழிந்துபோன கோடு, டைலர் கத்தரியின் வளையத்தில் சுற்றியிருக்கும் கந்தல் துணி, இதற்காகத்தானே படமே எடுக்கிறோம்! 1996-ல் மூடிய பின்னி மில்லுக்குத் தினமும் சாப்பாடு போய்வந்த அலுமினியத் தூக்கு இன்னமும் பெரம்பூர் பக்கத்து வீடுகளில் கிடைக்கிறது. அதன் ஒடுக்கைத் தட்டி நிமிர்த்திவிட்டு எடுத்தால் கடைத்தெருவில் தொங்கும் தூக்குக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இப்போது கல்யாண ஆல்பத்துக்கு அழகு சேர்க்கவென்றே 'பழைய' லாந்தரும் மரப்பெட்டியும் வாடகைக்கு விடுகிறார்கள். யார் வீட்டிலும் எரியாத லாந்தர் அது.

வெளிச்சத்துக்கு ஜன்னல் ஒன்று போதும். ஒண்டுக்குடித்தன வீட்டில் ஜன்னல் இல்லையென்றால் கதவைத் திறந்து வாசற்படிக்கு உள்ளே வையுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வெளிச்சமும் கலந்து நிறம் கெட்டுவிடும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. இருட்டாகத் தெரியும் பக்கத்தில் வெள்ளைச் சார்ட் பேப்பரையோ தெர்மக்கோலையோ நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி விழும். அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துத்தான் உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்தை எடுத்தார். புனலின் உட்சுவரே அவருக்குத் தெர்மக்கோல். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் செம்பின் வயிறு கோணலாக உப்பித் தெரியும். இரண்டடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

எவர்சில்வர்தான் படுத்தும். உங்கள் முகமும் கட்டம் போட்ட சட்டையும் அதில் தெரியும். வெள்ளை வேட்டியைச் சுற்றிலும் கட்டி, இடுக்கு வழியாக எடுங்கள். அதைவிட முக்கியம், அதில் வெட்டியிருக்கும் பெயர். சீர்வரிசைப் பாத்திரத்தில் யார் யாருக்குக் கொடுத்தது, என்ன தேதி என்று புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்கள் அல்லவா? பல வீடுகளில் பாட்டியின் கல்யாணத் தேதிக்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் குடம்தான். நேரே வெளிச்சம் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். பாத்திரத்தை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள், ஒவ்வொரு புள்ளியும் நிழலோடு எழுந்து நிற்கும். காசிமேட்டில் வலை பின்னும் ஊசியில் நூல் அறுத்த தடத்துக்கும் இதே வெளிச்சம்தான்.

பொருளை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதைப் புழங்கியவர் இருந்தால் அவர் கையில் கொடுத்து, பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. "ஞாபகம் இருக்கா? எந்த வருஷம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள், மறதி வரத் தொடங்கியவர்களிடம் கேட்கவே கூடாது. வியாசர்பாடியில் ஒரு பாட்டி, 1960களில் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த எனாமல் கேரியரை மடியில் வைத்திருந்தார். பேரன் வருஷம் வருஷமாகக் கேட்டுப் பார்த்தும் வாயே திறக்கவில்லை. அடித்தட்டில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். மொய்ங்கா என்றார், பர்மாக்காரர்களின் மீன் நூடுல்ஸ் சூப். அப்புறம் மீன் குழம்பு, ரங்கூன் வீட்டு மாடி, துறைமுகத்தில் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டது என்று அவராகவே போய்க்கொண்டிருந்தார். நகை பேச்சு வந்ததும் குரல் உடைந்தது, பதிவை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் தோண்டுவது நம் வேலை இல்லை.

வீட்டுச் சாமான்களைப் படமெடுத்து வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. புகைப்படம் பிறந்த காலத்திலேயே ஃபாக்ஸ் டால்போட் என்ற ஆங்கிலேயர் அலமாரியில் அடுக்கிய பீங்கான் சாமான்களைப் படமெடுத்து 1844-ல் வெளியிட்டார். திருடு போனால் இந்தப் படம் சாட்சி சொல்லுமே என்று கூடவே எழுதினார். நமக்குத் திருடனைவிடத் தண்ணீர்தான் பயம். 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீடுகளுக்குள் வந்தது. மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு அறையையும், ஃப்ரிட்ஜ், தையல் மெஷின் போன்றவற்றின் சீரியல் எண்ணையும் எடுத்து வைத்திருந்தால், இன்சூரன்ஸ் இருப்பவர்களுக்கு அது நேரடியாக உதவும்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். வேறொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். படத்தின் பெயரிலேயே யாருடையது, எந்தத் தெரு வீடு என்று தமிழில் எழுதிவிடுங்கள்.

ஃபேஸ்புக்கில் போடுபவர்கள் பின்னால் தெரியும் ரேஷன் கார்டு, பாஸ்புக், ஆதார் எண்ணைக் கவனியுங்கள். பழைய நாணயம், ரூபாய் நோட்டுப் படம் போட்டால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், கமிஷனும் வரியும் முன்பணமாகக் கட்டுங்கள் என்று யாராவது வருவார்கள். ரிசர்வ் வங்கி பெயரையே சொல்வார்கள். அப்படித் தாங்கள் எதுவும் வசூலிப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.