ஓர்க்கின் ஞாபகம்: வீடியோ கேமுக்குள் கதை உருவாகும் விதம்

வெள்ளவத்தையில் பின்னேர டியூசன் விட்டதும் காலி வீதியோரம் ரோல்ஸும் பிளேன் டீயுமாக நிற்கும் பெடியன்களின் பேச்சில், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அடிபடுவது கேம்தான். ஒருவன் சொல்கிறான்: “அவன்ட முகம் எரிஞ்சது என்னாலதான் மச்சான். தப்பி ஓடினவன், பிறகு எரிஞ்ச முகத்தோடயே வந்து நிக்கிறான். என்னை எரிச்சது நீதானே எண்டு கேக்கிறான்டா!” மற்றவனுக்கு வியப்பு: “எனக்கு அப்பிடி ஒருத்தன் வரவே இல்லையே. என்னைக் கொன்டது பேர் ஊர் தெரியாத ஒரு அம்புக்காரன். அடுத்த முறை போனா அவன் கப்டன்!”

இருவரும் விளையாடியது ஒரே கேம். 2014இல் வெளிவந்த ‘மிடில் எர்த்: ஷெடோ ஒஃப் மோர்டோர்’. இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு கதைகளையும் எந்த எழுத்தாளரும் இப்படியே எழுதி வைக்கவில்லை. எழுதாத கதை எங்கிருந்து வந்தது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

அந்தக் கேமில் எதிரிப் படையின் தலைவர்களைக் கேமே உருவாக்குகிறது. பெயர், ஆயுதம், பலம், எதற்குப் பயம் என்பவற்றையெல்லாம் பட்டியல்களிலிருந்து பொறுக்கி ஒட்டி ஓர் ஓர்க்கை, அதாவது அரக்கன் போன்ற ஒரு படைவீரனை, செய்கிறது. சாதாரணச் சிப்பாய் ஒருவன் உங்களைக் கொன்றுவிட்டால் அவனுக்குப் பதவி உயர்வு. நீங்கள் நெருப்பு வைத்தும் அவன் சாகாமல் தப்பினால், அவன் பதிவேட்டில் ‘எரிகாயம்’ என்று ஒரு குறிப்பு விழும். அடுத்த சந்திப்பில் அந்தக் குறிப்புக்குப் பொருத்தமான முகமும் வசனமும் தேர்ந்தெடுக்கப்படும். ‘நெமசிஸ்’ என்று பெயரிடப்பட்ட இந்த முறைக்கு 2021இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. (மற்றவர்கள் தாராளமாக எடுத்து வளர்த்திருக்க வேண்டிய ஒரு யோசனை இப்படிப் பூட்டப்பட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.)

ஆக, ஓர்க்குக்குக் கோபம் என்று ஒன்றும் கிடையாது. அவனிடம் இருப்பது சில குறிப்புகள். கோபத்தை அவன்மேல் ஏற்றுவது விளையாடுகிறவர். கேம்கள் கதை சொல்லும் வழிகள் பலவாக இருந்தாலும், இந்த இரண்டும், அதாவது இயந்திரத்தின் ஞாபகமும் மனிதரின் கற்பனையும், எல்லாவற்றிலும் கைகோத்தே வருகின்றன.

மிகப் பழைய வழி கிளைக்கதை. ‘இவனைக் காப்பாற்றவா, விடவா’ என்று கேம் கேட்கும். நீங்கள் ஒன்றைத் தெரிவுசெய்வீர்கள். கேட்க இலகுவாகத் தெரியும், ஆனால் கணக்குப் பார்த்தால் தலைசுற்றும். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும் 10 தெரிவுகள் என்றால் 1,024 முடிவுகள். 20 தெரிவுகள் என்றால் 1,048,576. இத்தனையையும் எழுதி, நடித்து, குரல் பதிவுசெய்ய எந்த நிறுவனத்தாலும் முடியாது. அதனால் கிளைகளைப் பிரித்துவிட்டு மறுபடி ஒன்றுசேர்த்துவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக எந்த லேனால் இறங்கினாலும் கடைசியில் மரைன் டிரைவில் போய் நிற்பது போலத்தான். வழியில் பார்த்த வீடுகள் வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று.

அப்படியானால் நாம் தெரிவுசெய்ததெல்லாம் வெறும் பாவனையா? ரசிகர்களுக்குள் இதுதான் ஓயாத சண்டை. பாவனை இல்லை என்பது என் கட்சி. கிளைகள் ஒன்றுசேர்ந்தாலும், எந்த வழியால் வந்தீர்கள் என்பதைக் கேம் எழுதி வைத்திருக்கிறது. ‘காப்பாற்றினார்: ஆம்’, ‘பொய் சொன்னார்: இல்லை’ என்று ஆம்-இல்லைக் குறிப்புகள். நீங்கள் சேவ் செய்யும்போது கணினியில் பதிவது இந்தக் குறிப்புகளும், நிற்கும் இடம், கையில் உள்ள பொருள்கள் போன்ற எண்களும்தான். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், யூபிஎஸ் இல்லாமல் விளையாடிய எல்லோருக்கும் இது பாடமாகவே தெரிந்திருக்கும். கரண்ட் வந்து கேமைத் திறந்தால் நகரம் அப்படியே இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், ஆனால் நீங்கள் செய்த உதவி ஒருவருக்கும் நினைவிருக்காது. தொலைந்தது கதையின் உரைநடை அல்ல, அந்தச் சில குறிப்புகள் மட்டுமே. அவ்வளவு சிறியது போனாலே கதை போய்விடுகிறது.

சரி, குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஒரு பாத்திரம் வாய் திறப்பது எப்படி? இதற்கு ஓர் அழகான தீர்வை, வால்வ் நிறுவனத்தில் பணியாற்றிய ஈலன் ரஸ்கின் 2012இல் கேம் உருவாக்குநர்களின் மாநாடு ஒன்றில் விளக்கினார். நம்மூர் உதாரணத்தோடு பார்ப்போம். காலிமுகத்திடலில் நடக்கும் ஒரு கேம், அதில் இறால் வடை விற்கும் ஓர் அண்ணன். அவருக்கு நாம் நான்கு வசனங்கள் எழுதுகிறோம். முதலாவதற்கு நிபந்தனையே கிடையாது: “வாங்க தம்பி, சுடச்சுட இருக்கு.” இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை, மழை பெய்ய வேண்டும்: “நனையாம உள்ளுக்கு வாங்க தம்பி.” மூன்றாவதற்கும் ஒன்று, பழைய கடன் இருக்க வேண்டும்: “அண்டைக்குத் தாற எண்டு போன காசு எங்க?” நான்காவதற்கு இரண்டு நிபந்தனைகள், மழையும் வேண்டும் கடனும் வேண்டும்: “இந்த மழைக்குள்ளயும் வந்திருக்கீங்க, அப்ப காசு தரத்தான் வந்திருக்கீங்க போல!”

நீங்கள் அவர் முன்னால் போய் நின்றதும் நிரல் அந்த நேரத்து உண்மைகளைத் திரட்டுகிறது: நேரம் இரவு, மழை உண்டு, கடன் உண்டு, ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு வசனத்தின் நிபந்தனைகளையும் இவற்றோடு ஒப்பிடுகிறது. ஒரு நிபந்தனை பிழைத்தாலும் அந்த வசனம் போட்டியிலிருந்து வெளியேறிவிடும். எஞ்சியவற்றில் எதற்கு அதிக நிபந்தனைகள் பொருந்துகின்றனவோ அது வெல்லும். மழையில் கடனோடு போனால் நான்கும் தேறும், நான்காவது வெல்லும். முழுச் சூட்சுமமும் இவ்வளவுதான். ஆனால் விளையாடுகிறவருக்கோ, “இந்த மனுசன் என்னைக் கவனிச்சிருக்கிறான்” என்று உடம்பு சிலிர்க்கும். ஏனென்றால் பொதுவான பேச்சை யாரும் பேசலாம், தன் நிலைமைக்கென்றே அளந்து வெட்டிய பேச்சைத் தன்னை அறிந்தவர்தான் பேசுவார் என்று நாம் வாழ்க்கையில் பழகியிருக்கிறோம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு வசனம் பேசப்பட்டதும் அதுவே ஒரு புதிய உண்மையாகப் பதியப்படலாம்: ‘வடை அண்ணன் கடனைப் பற்றிக் கேட்டுவிட்டார்’. பக்கத்தில் நிற்கும் பாத்திரத்திடம் அந்த உண்மைக்குப் பொருந்தும் வசனம் ஒன்று இருந்தால் அவர் வாய் திறப்பார். இப்படியே இருவர் உரையாடத் தொடங்கிவிடுவார்கள். ‘ஹேடிஸ்’ என்ற 2020ஆம் ஆண்டுக் கேமில் நீங்கள் செத்துச் செத்து வீடு திரும்பும்போதெல்லாம் வீட்டார் புதிது புதிதாகப் பேசுவதும் இதே வகையைச் சேர்ந்த வேலைதான். அதற்காக அவர்கள் பதிவுசெய்த வசனங்கள் 20,000க்கும் மேல். உழைப்பு எழுத்தாளருடையது, எப்போது எது என்பதைத் தெரிவது மட்டும் இயந்திரத்தின் பங்கு. இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எதுவும் இதற்குள் இல்லை.

அடுத்த வகை வசனத்தையே கைவிட்டு உலகத்தை மட்டும் இயக்கிவிடுவது. வில் ரைட் உருவாக்கி 2000இல் வந்த ‘த சிம்ஸ்’ இதற்குப் பேர்போனது. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் பசி, தூக்கம், சுத்தம், சகவாசம் என்று 8 தேவைகள். ஆள் புத்திசாலி அல்ல, வீட்டிலுள்ள பொருள்கள்தான் தங்களை விளம்பரம் செய்கின்றன. குளிர்சாதனப்பெட்டி ‘என்னிடம் வந்தால் பசி தீரும்’ என்று அறிவிக்கும், கட்டில் ‘என்னிடம் வந்தால் களைப்புப் போகும்’ என்று அறிவிக்கும். எது தனக்கு அப்போது அதிகம் பயன்படுமோ அதை நோக்கி ஆள் நடப்பான். பார்க்கிற நமக்கோ, மனைவியோடு சண்டை பிடித்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டவனாக அவன் தெரிகிறான்.

இதன் உச்சம் என்று நான் மதிப்பது டார்ன், ஸக் அடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்டு வளர்த்துவரும் ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’. அதில் 2015இல் பூனைகள் காரணமின்றிச் செத்துக் கிடந்தன. டார்ன் அடம்ஸ் ஆராய்ந்தபோது சங்கிலி வெளிப்பட்டது. கேமில் புதிதாக மதுச்சாலைகள் வந்திருந்தன. கேமின் பாத்திரங்களான குள்ளர்கள் குடித்துக் கும்மாளமிடும்போது மது தரையில் சிந்தியது. பூனைகள் அதில் நடந்தன, காலில் மது ஒட்டியது. பூனை என்றால் காலை நக்கும். அதுவும் நிரலில் இருந்தது. நக்கியது உள்ளே போகும்; அதுவும் இருந்தது. உடலின் அளவுக்கு மிஞ்சிய மது உயிரைக் கொல்லும், அதுவும் இருந்தது. ஒட்டியிருந்தது ஒரு துளி என்றாலும் கணக்கில் ஒரு முழுக் குவளையாக ஏறியதுதான் அங்கு நடந்த தவறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் எழுதிய விதிகள் தாமே கோர்த்துக்கொண்டு ஒரு சோகக் கதையைப் பெற்றுவிட்டன. அந்தக் கேமைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

விதிகள் மட்டும் போதாது என்பதற்கும் பழைய சான்று உண்டு. 1976இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீஹன் எழுதிய ‘டேல்-ஸ்பின்’ என்ற கதை சொல்லும் நிரலில் ஓர் எறும்பு ஆற்றில் விழுந்தது. அதை விழுத்தியது ஈர்ப்புவிசை என்று நிரலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒன்றை நகர்த்துபவர் தானும் கூடவே போக வேண்டும் என்று இன்னொரு விதி. ஆகவே ஈர்ப்புவிசையும் ஆற்றுக்குள். அதற்கு நீந்தக் கால் இல்லை, பறக்கச் சிறகு இல்லை, தூக்கிவிட நண்பர் இல்லை. முடிவில் ஈர்ப்புவிசை நீரில் மூழ்கி இறந்தது என்று நிரல் கதையை முடித்தது. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் எது கதையாகும், எது ஆகாது என்று உணர அங்கே ஆள் இல்லை.

அந்த ஆள் வாசகர், அல்லது விளையாடுகிறவர். 1944இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சிறு அசைவுப்படத்தைக் காட்டினார்கள். இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி. அவ்வளவுதான். பார்த்ததைச் சொல்லுங்கள் என்று கேட்கப்பட்ட 34 பேரில் ஒரே ஒருவர்தான் அதை வெறும் வடிவங்களின் அசைவாக விவரித்தார். மற்றவர்களுக்கு அங்கே துரத்தலும் பயமும் சண்டையும் தெரிந்தன. முகமே இல்லாத முக்கோணத்துக்கே மனம் கொடுக்கும் நம்மிடம், எரிந்த முகமுள்ள ஓர்க்கைக் கொடுத்தால் என்ன ஆகும்?

1980இல் ‘பேக்-மேன்’ செய்த டோரு இவதானிக்கு இது நன்றாகவே விளங்கியிருந்தது. நான்கு பேய்களுக்கும் வேறு வேறு நடத்தை வைத்தார். சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். செம்மஞ்சள் தூரத்திலிருந்து துரத்தி வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பும். ஒவ்வொன்றும் ஒரு வரிக் கணக்கு. விளையாடியவர்களுக்கோ ஒன்று முரடன், ஒன்று பதுங்கிப் பாய்கிறவன், ஒன்று பயந்தாங்கொள்ளி.

இதனால்தான் ரோல்ஸ் கடை வாசல் பேச்சை நான் கேமின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். மணிக்கணக்கான விளையாட்டில் பெரும்பகுதி நடப்பதும் ஓடுவதும் தோற்பதும்தான். நண்பனிடம் சொல்லும்போது அதெல்லாம் உதிர்ந்துபோய், நெருப்பும் தப்பியோட்டமும் பழிவாங்கலும் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ‘அதனாலதான்’ என்ற இணைப்பைப் போடுவது சொல்கிறவன். ஆங்கிலத்தில் பேசும் ஓர்க், சொல்கிறவனின் வாயில் கொழும்புத் தமிழ் பேசுகிறான். நல்ல கேம் என்று நான் சொல்வது, இப்படிச் சொல்வதற்குத் தேவையான கொக்கிகளை அள்ளித் தரும் கேமைத்தான்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வசதிகள் உண்டு. கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ‘ட்வைன்’ இலவசம். அதில் செய்த கதை சாதாரண இணைய உலாவியிலேயே ஓடும், தமிழ் எழுத்தும் அதில் பிரச்சினையில்லாமல் வரும். வடை அண்ணனின் நான்கு வசனங்களோடு தொடங்கலாம். நிபந்தனைகள் கூடக்கூட வசனங்களை நிறைய எழுதத் தோன்றும், எழுதுங்கள். ஆனால் நிபந்தனையே இல்லாத அந்த முதல் வசனத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். மழையும் இல்லை கடனும் இல்லை என்று ஒருவர் வந்து நின்றால், அது இல்லாமல் அண்ணனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.