பால்டிக் கப்பல் ஏறுமுன் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்

ஆகஸ்ட் பிறந்தால் என் கிளினிக்கில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் கோடையில் அப்பா அம்மாவை வரவழைக்கிறார்கள். ‘வயசான காலத்துல பஸ்லயும் ரயில்லயும் இழுத்தடிக்க வேண்டாம், கப்பல்னா உக்காந்தே ஊர் பாக்கலாம்’ என்று வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் ஒரு வாரப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். கோபன்ஹேகன், தாலின், ஹெல்சின்கி, ஸ்டாக்ஹோம், நடுவில் ரீகாவோ விஸ்பியோ. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பெரியவர்களில் சிலர் நேராக என்னிடம் வருகிறார்கள். நான் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை மட்டும் பார்க்கும் மருத்துவன்.

இந்த வருஷம் வந்தவர்களில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேல். தாலின் நகரின் மேட்டுப் பகுதியான தோம்பியாவிலிருந்து இறங்கும்போது கல்லில் இடது கால் பிசகியிருக்கிறது. விழவில்லை. வலியும் இல்லை. மறுநாள் ஹெல்சின்கியில் படகேறி சுவோமென்லின்னா கோட்டைத் தீவு முழுவதும் நடந்திருக்கிறார். அதற்கடுத்து ஸ்டாக்ஹோமின் பழைய நகரம். ஷூ இறுக்குகிறதே என்று லேஸைத் தளர்த்திக் கட்டிக்கொண்டதுதான் அவர் செய்த ஒரே வைத்தியம். ஊருக்கு வந்தபின் யாரோ ‘யூரிக் ஆசிட்டா இருக்கும்’ என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது பாதத்தின் உள்வளைவு இல்லை. வளைவு இருக்க வேண்டிய இடம் கீழ்நோக்கிப் புடைத்திருந்தது. எக்ஸ்ரேயில் நடுப்பாத எலும்புகள் இடம் பெயர்ந்து நொறுங்கிக் கிடந்தன. சார்கோ பாதம் என்போம் இதை. இனி மாதக்கணக்கில் மாவுக்கட்டு, காலை ஊன்றக் கூடாது. படத்தைக் காட்டி விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஆனா டாக்டர், வலிக்கவே இல்லையே?”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வலிக்கவில்லை என்பதுதான் ஐயா நோயே! நெடுநாள் சர்க்கரையில் பாதத்தின் நரம்புகள் மெல்ல மரத்துப்போகின்றன. அப்புறம் ஆணி குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது, எலும்பு முறிந்தாலும் சரியாகத் தெரியாது. நாய் குரைக்கவில்லை என்பதால் திருடன் வரவில்லை என்று ஆகிவிடாது, நாய் செத்துப்போயிருக்கலாம். ‘முன்னெல்லாம் ராத்திரி பூரா கால் எரியும், இப்ப எரிச்சலே இல்லை, குணமாயிருச்சு’ என்று சந்தோஷமாகச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம். எரிவதற்குக்கூட நரம்பில் கொஞ்சம் உயிர் வேண்டும். வேலூரில் தொழுநோயாளிகளைப் பார்த்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் பல்லாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் நோயாளியே தெரியாமல் தேய்த்துத் தொலைக்கிறார். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும், மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு, முதலில் அந்த மரத்த பாதங்களுக்காகப் பரவியதுதான்.

உங்கள் கால் மரத்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. கேலியாகச் சொல்லவில்லை, உணர்வு போனதை உணர முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை இருக்கிறது, மோனோஃபிலமென்ட் என்று பெயர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் சில இடங்களில் அதை வைப்போம். தொட்டதும் ‘ம்’ சொல்ல வேண்டும். இழை வளைந்து நிற்கும்போதே “ஆரம்பிக்கலையா டாக்டர்?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஐந்து நிமிஷ வேலை. விசாவுக்கு அத்தனை காகிதம் சேர்க்கிறீர்கள், இதற்கு நேரம் ஒதுக்க முடியாதா?

சரி, ‘உக்காந்தே பாக்கலாம்’ என்கிற பேச்சுக்கு வருகிறேன். பெரிய கப்பல்கள் 300 மீட்டர் நீளம் இருக்கும். அறை ஒரு முனையில், சாப்பாடு மறுமுனையில் என்றால் மூன்று வேளைக்குப் போய்வருவதே இரண்டு கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அதைக்கூட விடுங்கள், அது வழுவழுப்பான தரை. இந்தத் துறைமுக ஊர்களின் அழகு எல்லாம் தரையில் பதித்த கருங்கல்லில் இருக்கிறது. தாலின் பழைய நகரம் 1997 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதன் நகர மண்டபம் 1404-இல் கட்டி முடித்தது. தெருவெல்லாம் உருண்டு திரண்ட கற்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், நடுவில் விரல்கடை பள்ளத்தோடு. இடைக்கால வட ஐரோப்பாவின் ஹன்சா வணிகக் கூட்டமைப்புக்காரர்களின் உப்பு மூட்டை வண்டிகள் போன ஊர், சர்க்கரைக்காரர் பாதத்தை நினைத்துப் பாவிய தெரு இல்லை. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போய் மார்கரீட்டா கோபுரத்தைக் கடந்து பிக் தெருவுக்குள் நுழைந்ததும் கல் தொடங்கும். ஒவ்வொரு அடியிலும் பாதம் வேறு ஒரு கோணத்தில் சாயும். உணர்வுள்ள கால், கல் உறுத்தியதும் எடையை மாற்றிக்கொள்ளும். உங்களுக்கே தெரியாமல் நடக்கும் வேலை அது. மரத்த கால் அதைச் செய்யாது. ஒரே எலும்பு முனையில் மொத்த எடையும் திரும்பத் திரும்ப விழும். தோம்பியாவுக்கு ஏறுவதைவிட இறங்குவது மோசம். மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். கோடைதானே என்று நினைக்காதீர்கள், ஜூலை, ஆகஸ்டில் அங்கே நல்ல மழை உண்டு.

மற்ற ஊர்களும் சளைத்தவை அல்ல. விஸ்பியில் மூன்றரைக் கிலோமீட்டர் கோட்டைச் சுவர், உள்ளே மேடும் பள்ளமும். ஸ்டாக்ஹோம் பழைய நகரத்தில் 90 சென்டிமீட்டர் அகலச் சந்து ஒன்று இருக்கிறது, 36 படி. படம் எடுக்க எல்லோரும் ஏறுவார்கள். ரீகாவும் கல்தான். சுவோமென்லின்னாவில் மட்டும் சுலபமான பாதை என்று தனியாகக் குறித்த ஒரு வழி இருக்கிறது, அதைக் கேட்டு அதில் போங்கள்.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை. ஜூன் கடைசியில் தாலினிலும் ஹெல்சின்கியிலும் சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டிவிடும். வெளிச்சம் இருக்கும்வரை நம்மவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இருட்டினால்தானே செருப்பைக் கழற்றிக் காலைப் பார்க்கத் தோன்றும்? அங்கே கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். இரவு மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் அதேதான்.

ஷூ. பயணத்துக்கென்று புது ஷூ வாங்கி, விமான நிலையத்தில் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு கிளம்புபவர்களை என்ன சொல்வது? வாங்குவதாக இருந்தால் மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் அதன் முழு வீக்கத்தில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு மூன்று வாரம் வீட்டில் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டுப் பழக்குங்கள். எம்.சி.ஆர். செருப்பு வீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் சரி, அந்தக் கல் தெருவுக்குப் போதாது. அடிப்பாகம் விறைப்பாக, கையால் இரண்டாக மடக்க முடியாததாக இருக்க வேண்டும். உள்ளே மட்டும் மெத்தென்று. கட்டைவிரலில் மாட்டும் ரப்பர் செருப்பைக் கப்பல் ஏறும் சாய்வுப்பாலத்தில் போட்டு நடக்காதீர்கள், மரத்த விரல் அதைப் பிடிக்காது. சாக்ஸ் வெள்ளைப் பருத்தியில் வாங்குங்கள். அழுக்காகுமே என்பார்கள். ஆகட்டும். ரத்தமோ சீழோ பட்டால் கறுப்பில் தெரியாது, வெள்ளையில் உடனே தெரியும். கைப்பையில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும், நனைந்த சாக்ஸோடு நாள் முழுக்க நடந்தால் தோல் ஊறிப் பிய்ந்துவிடும். போடுமுன் ஷூவைத் தலைகீழாகத் தட்டுங்கள். ஒரு அம்மாவின் ஷூவுக்குள் சட்டைப் பொத்தான் கிடந்தது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை.

நடந்து களைத்த காலை ராத்திரி வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஊரிலும் செய்யாதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கப்பல் குளியலறைக் குழாயில் வரும் தண்ணீர் நல்ல சூடு. உப்புப் போட்டாலும் வெந்த தோல் வெந்ததுதான். ஹெல்சின்கி போய்விட்டு சானாவுக்குள் போகாமல் வருவதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 80 டிகிரிக்கும் மேலே போகும் அறை அது. கால் மரத்தவர்கள் வெளியே உட்கார்ந்து காபி குடியுங்கள்.

ராத்திரி படுக்கும்முன் இரண்டு பாதத்தையும் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. குனிய முடியாவிட்டால் செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக, வீங்கி இருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, மறுநாள் கப்பலைவிட்டு இறங்காதீர்கள். நாங்கள் தெர்மாமீட்டரில் 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் கண்டாலே சார்கோ என்று சந்தேகப்படுவோம். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கும். (சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான்: எக்ஸ்ரே நார்மல், யூரிக் ஆசிட் கொஞ்சம் அதிகம் என்று அனுப்பிவைக்காதீர்கள், காலைத் தரையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.)

‘கப்பல்ல டாக்டர் இருக்காரே’ என்பார்கள். இருக்கிறார். முதலுதவி, அடிப்படைப் பரிசோதனை, மருந்து எல்லாம் கிடைக்கும், பில்லும் கிடைக்கும். அறுவை சிகிச்சை என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். இந்த ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள் என்று எடுத்திருப்பீர்கள். ஏற்கெனவே இருந்த சர்க்கரையால் வந்த புண்ணுக்கு அது பணம் தருமா என்று பாலிசியைப் படித்தவர் எத்தனை பேர்? கரையில் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். தாலின் நகர மண்டபச் சதுக்கத்தில் 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பேர் இருக்கும் மருந்துக்கடை இன்றும் நடக்கிறது. எனக்கு அந்த ஊரில் மிகப் பிடித்த இடம். ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் அங்கே ஆன்டிபயாடிக் தரமாட்டார்கள், நம் தெருமுனைக் கடை மாதிரி ‘நாலு மாத்திரை கொடுங்க’ நடக்காது. கப்பலேறும் அன்று பெட்டிகளை வாங்கிக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் அறைக்கு அனுப்புவார்கள். மாத்திரை, இன்சுலின், கட்டுத்துணி, மாற்று ஷூ எல்லாம் கைப்பையில்.

போகவே கூடாதா என்று கேட்டால், சமீபத்தில் புண் ஆறியவர்களுக்கு என் பதில் ஆமாம், இந்த வருஷம் வேண்டாம். ஆறிய பாதப்புண் ஓராண்டுக்குள் மறுபடி வருவது சுமார் 40 சதவீதம் பேருக்கு. கெண்டைக்கால் வலித்து நின்று நின்று நடப்பவர்கள் முதலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் தாராளமாகப் போங்கள், வேறு மாதிரிப் போங்கள். இவை கடலைப் பார்த்துக் கட்டிய ஊர்கள், தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் முகம் தெரியும். கோபன்ஹேகனில் கால்வாய்ப் படகு, ஸ்டாக்ஹோமில் பாலங்களுக்கடியில் போகும் படகு, ஹெல்சின்கியில் டிராம். ஸ்டாக்ஹோமுக்குள் கப்பல் நுழையும் வழியில் சுமார் 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும். மணிக்கணக்கில் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். மொத்தப் பயணத்தில் அதுதான் சிகரம் என்பேன், ஒரு அடி நடக்க வேண்டியதில்லை. ஆனால் சில கப்பல்கள் நகரத்துக்குள் வராமல் 60 கிலோமீட்டர் தெற்கே நீனாஸ்ஹாம்னில் நின்றுவிடும், டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அதிகத் துறைமுகம் உள்ள பயணம்தான் லாபம் என்று கணக்குப் போடாதீர்கள், நடுவில் முழுக் கடல் நாட்கள் உள்ளதாகப் பாருங்கள். கரைச் சுற்றுலாவுக்கு எவ்வளவு நடை என்று குறிப்பிலேயே போட்டிருப்பார்கள், படியுங்கள். சக்கர நாற்காலியை முன்பே சொல்லிவையுங்கள். அப்பா கௌரவம் பார்ப்பார், நீங்கள் பார்க்காதீர்கள். ராத்திரி காலைப் பார்க்கும் வேலையை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா புடவையை லேசாகத் தூக்கிக் கணுக்காலைக் காட்டி “ஒண்ணுமில்லப்பா” என்பார். சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்கள்.