மதுரைக்காரருக்கு ஏன் விருதுநகர் எம்.பி.?

திருநகரில் குடியிருப்பவர் வீட்டு வரி கட்டுவது மதுரை மாநகராட்சிக்கு. மனு கொடுக்கப் போவது மதுரை கலெக்டர் ஆபீசுக்கு. நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் மட்டும் விருதுநகர் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவார். உசிலம்பட்டிக்காரர் என்றால் தேனி.

காரணம் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39. ஆளுக்கு ஆறு. ஒரு சட்டமன்றத் தொகுதியை இரண்டாகப் பிய்த்து இரண்டு எம்.பி.க்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். மதுரை மாவட்டத்திலோ பத்துத் தொகுதிகள். மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறும் மதுரை எம்.பி.க்குப் போயின. மிச்சம் நான்கு. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடு, சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு சேர்ந்தன.

இப்போதுள்ள எல்லைகள் 2008 மறுவரையறையில் வந்தவை. 2009 மக்களவைத் தேர்தலில் முதன்முதலாக ஓட்டு விழுந்தது. சமயநல்லூர், சேடபட்டி என்ற தொகுதிகளே அப்போது காணாமல் போயின. தனித் தொகுதியாக இருந்த சமயநல்லூர் போக, சோழவந்தான் தனித் தொகுதி ஆனது. அங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிடலாம். ஓட்டுப் போடுவது எல்லாரும்தான். இதைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1961க்கு முன்பு ஏற்பாடே வேறு. சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர், அதில் ஓர் இடம் ஒதுக்கீடு. 1952இல் கக்கன் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனது அப்படித்தான்.

சரி, கோடு எங்கே விழுந்தால் நமக்கென்ன? எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதைப் பெரும்பாலும் தன் தொகுதிக்குள்தான் செலவிடப் பரிந்துரைக்க முடியும். திருமங்கலத்தில் நிழற்குடை கேட்டு மதுரை எம்.பி. வீட்டு வாசலில் நிற்பது வீண் அலைச்சல். தோப்பூர் எய்ம்ஸை ஊரே மதுரை எய்ம்ஸ் என்கிறது. அந்த இடமும் விருதுநகர் தொகுதிதான்.

தேனிக்கு நாங்கள் ஓரம்தானே என்று உசிலம்பட்டியில் சலித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறில் இரண்டு மதுரை மாவட்டத்துப் பங்கு. அதை ஒதுக்கிவிட்டு அங்கே ஜெயிப்பது லேசில்லை.

உங்கள் வாக்காளர் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சட்டமன்றத் தொகுதி 195 அல்லது 196 என்றால் விருதுநகர். 190, 197 என்றால் தேனி. எம்.பி.க்குக் கொடுக்கும் மனுவை அங்கே கொண்டுபோங்கள்.