லைம் நோயில் அகச்சிவப்பு சானா: வலிக்குத் துணை, கிருமிக்கு மருந்தல்ல

லைம் நோய்க்கான மருந்தை முறையாகச் சாப்பிட்டு முடித்த பிறகும், மூட்டுவலியும் அசதியும் தூக்கக்குறைவும் மாதக்கணக்கில் விடாமல் தொடர்பவர்கள் உண்டு. மறுவாழ்வு மருத்துவத்தில் அவர்களைப் பார்க்கும்போது பலரும் கேட்பது, அகச்சிவப்புக் கதிரால் உடலைச் சூடாக்கி வியர்க்கவைக்கும் சிறு அறையான அகச்சிவப்பு சானாவில் உட்கார்ந்தால் மிச்சமிருக்கும் கிருமி செத்துவிடுமா என்பதைத்தான். வலி தணிய உதவலாம். கிருமியைக் கொல்லாது என்பதே என் பதில்.

இக்சோடிஸ் வகை உண்ணி கடிப்பதால் உடலுக்குள் புகும் பொரீலியா என்ற சுருள்வடிவ பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கை 10 முதல் 14 நாள் வரை கொடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். இந்தக் கிருமி அதிக வெப்பத்தில் வளராது என்று சோதனைக்கூடத்தில் கண்டதை வைத்துத்தான் சானாவை மருந்தாகச் சொல்லும் பேச்சு கிளம்பியது. ஆனால் அறையின் வெப்பம் 45 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருந்தாலும், வியர்த்துக் குளிர்ந்துகொள்ளும் நம் உடலின் உள்வெப்பம் பொதுவாக ஒரு டிகிரி அளவுக்கு மேல் ஏறுவதில்லை. வியர்வை வழியே நச்சு வெளியேறும் என்பதும் அப்படித்தான். அந்த வேலையைச் செய்வன கல்லீரலும் சிறுநீரகங்களும்.

அதற்காக இதை வீண் என்று ஒதுக்க மாட்டேன். வெப்பத்தில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, இறுகிய தசை இளகுகிறது, சிலருக்கு அன்றிரவு தூக்கமும் நன்றாக வருகிறது. முடக்குவாதமும் முதுகெலும்பு மூட்டழற்சியும் உள்ள 34 பேரிடம் நான்கு வாரம் நடத்தப்பட்ட ஒரு சிறு ஆய்வில், வலியும் விறைப்பும் அந்தந்த அமர்வின்போது குறைந்தன. நோயின் தீவிரம் மாறவில்லை. லைம் நோயாளிகளும் இந்த அளவுக்கு எதிர்பார்த்தால் போதும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சானாவிலிருந்து எழுந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிய ஒரு பெண்மணி, "கிருமி சாகும்போது இப்படித்தான் இருக்குமாம், டாக்டர்" என்று ஆறுதலோடு சொன்னார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்தபோது, நின்றதும் அது சரிந்தது, நாக்கு உலர்ந்திருந்தது. அது நீரிழப்பு. கிருமி அழியும்போது காய்ச்சலும் நடுக்கமும் வருகிற யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை உண்மையானதுதான், ஆனால் அது ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது. சானாவுக்குப் பின் வரும் மயக்கத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டி வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து.

பொரீலியா இதயத்தின் மின்னோட்டப் பாதையையும் தாக்கக்கூடும் என்பதால் தலைச்சுற்றல், படபடப்பு, மூச்சுவாங்கல் இருப்பவர்கள் இசிஜி எடுத்துப் பார்க்காமல் உள்ளே போகவே கூடாது. கர்ப்பிணிகளும், காய்ச்சல் உள்ளவர்களும், எழுந்து நின்றாலே நாடி தாறுமாறாக ஓடுபவர்களும் தவிர்ப்பது நல்லது. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தோலில் ஒட்டும் வலிநிவாரணி வில்லை சூட்டில் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே விடும் என்பதையும் மறக்கக்கூடாது. மற்றவர்கள் குறைந்த சூட்டில் பத்து நிமிடத்தோடு தொடங்கி, முன்னும் பின்னும் தண்ணீர் குடித்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் அசதி கூடினால் அடுத்த அமர்வின் நேரத்தைக் குறைக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் பாதியில் நிறுத்தக்கூடாது.