கல் குவியல் பக்கத்தில் சைட் வாங்கலாமா?

பெங்களூரு ஏர்போர்ட் ரோட்டில் சிக்கஜாலா பக்கம் சைட் (வீட்டு மனை) பார்க்கிறவர்கள் கட்டா (உள்ளாட்சியின் சொத்துப் பதிவு), ஈசி (வில்லங்கச் சான்று), கன்வர்ஷன் (விவசாய நிலத்தை மனையாக மாற்றிய உத்தரவு) எல்லாம் மறக்காமல் கேட்பார்கள். தொல்லியல் துறையின் நீல போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. அங்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது பழங்காலக் கல் புதைகுழிகள், மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவை. மைசூர் ரோட்டில் பிடதிக்கு முன்னால், ஹெஜ்ஜாலாவிலும் அப்படி ஓர் இடம் உண்டு.

பார்த்தால் நினைவுச்சின்னம் என்றே தோன்றாது. வட்டமாகப் பாதி புதைந்த பாறைகள், நடுவில் கற்குவை, மேலே முள்செடி. இப்படிப்பட்டவற்றின் அடியில் பலகைக் கற்களால் அடைத்த அறையும், எலும்புகளும், கறுப்பு சிவப்புப் பானைகளும் இருப்பது வழக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் பெருங்கற்காலச் சின்னங்கள் உள்ள மல்லசந்திரம் போய்வந்தவர்கள் சட்டென்று இனம் கண்டுகொள்வார்கள்.

1958ஆம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்தோடு, சொல்வது இதுதான்: சுற்றிலும் முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பலர் ஏமாறுவது அளவையில். நடுவில் தெரியும் கல்லிலிருந்து டேப் பிடிக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும் கற்களைத் தாண்டியும் போகலாம். புரோக்கர் சொல்லும் “தூரம்தான் சார்” கணக்கில் வராது.

100 மீட்டருக்குள் ஏற்கெனவே வீடு இருந்தால்? 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்தது, அல்லது பின்னர் முறையான ஒப்புதலோடு கட்டியது என்றால் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு. இது சட்டம் வைத்த கெடு. அனுமதி கைக்கு வரும்வரை மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லாக் கற்குவைகளுக்கும் இந்தக் காப்பு கிடையாது. அரசு அறிவித்தவற்றுக்கு மட்டுமே. ஆனாலும் அஸ்திவாரம் தோண்டும்போது புதைபொருள் கிடைத்தால் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அட்வான்ஸுக்கு முன்பே சர்வே எண்ணோடு கோரமங்களா கேந்திரிய சதனில் உள்ள தொல்லியல் துறையின் பெங்களூரு வட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.