ரத்தம் உறைவதும் டோவர் பள்ளி வழக்கும்

அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஏபிடிடி என்று ஒன்று உண்டு. சோதனைக் குழாயில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். வழக்கமாக முப்பது, நாற்பது நொடிக்குள் உறைந்துவிடும். சிலருக்கு நூறு நொடி தாண்டியும் உறையாது. ரத்தவியல் மருத்துவரான என்னிடம் அந்த ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் பயந்துபோய்த்தான் வருவார்கள். விசாரித்தால், பல் பிடுங்கியபோதும் பிரசவத்தின்போதும் அதிகமாக ரத்தம் போயிருக்காது. மேற்கொண்டு சோதித்தால் அவர்களில் சிலருக்கு, ரத்த உறைதலில் பங்குபெறும் காரணிகளில் ஒன்றான ஃபேக்டர் 12 என்ற புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று தெரியவரும். அது மட்டும்தான் குறை என்றால் சிகிச்சையே தேவையில்லை, அறுவை சிகிச்சைக்குத் தாராளமாகப் போகலாம்.

1950களில் இந்தக் குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஜான் ஹேகமன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளியிடம். அவருக்கும் ரத்தக்கசிவுத் தொல்லை இருந்ததில்லை. 1968-ல் அவர் இறந்ததே நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துத்தான்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. "ரத்தம் உறைவதற்கு இத்தனை புரதங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் எல்லாம் நின்றுவிடும். அப்படியானால் இது படிப்படியாக எப்படி உருவாகியிருக்கும் டாக்டர்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இந்த வாதத்தை 1990களில் பரப்பியவர் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹீ. எலிப்பொறியில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் எலி சிக்காது, ரத்த உறைதலும் நோய் எதிர்ப்பு மண்டலமும் பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழையும் அப்படித்தான், ஆகவே ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு அமைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இதற்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பெயர்.

ஃபேக்டர் 8 இல்லாமல் முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து வீங்கி வரும் ஹீமோஃபிலியா சிறுவர்களைப் பார்க்கும் எனக்கு, இந்த வாதம் ஏன் பலரை ஈர்க்கிறது என்பது புரிகிறது. ஆனால் ஈர்ப்பது வேறு, சோதனையில் தேறுவது வேறு.

அந்தச் சோதனை நீதிமன்றத்திலேயே நடந்தது. 2004-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. டார்வின் கொள்கையில் ஓட்டைகள் உண்டு, அறிவார்ந்த வடிவமைப்பு என்ற வேறு விளக்கமும் உண்டு என்பது அதன் சாரம். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் அப்படி நின்றவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. கடைசியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள்.

பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்ன பிரவுன் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர், திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் ஃபேக்டர் 12 இல்லை என்று காட்டினார். பேத்தை மீனுக்கு மூன்று காரணிகள் இல்லை. இருந்தும் அவற்றின் ரத்தம் உறைகிறது. தன் வாதம் ஃபேக்டர் 12 போன்றவை வரும் தொடக்கப் படிகளைப் பற்றியதல்ல, அதற்குப் பிந்தைய பகுதியைப் பற்றியது என்றார், பள்ளி வாரியத் தரப்பில் சாட்சி சொன்ன பீஹீ.

சரி, அந்தப் பகுதியையும் பார்ப்போம். இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் கட்டிவிடாமல் இருக்க நாங்கள் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை 2, 7, 9, 10 என்ற நான்கு காரணிகளையும் ஒன்றாக முடக்குகிறது. ஒரே மாத்திரை நான்கையும் பிடிப்பது எப்படி? நான்கும் உறவுக்காரப் புரதங்கள். வைட்டமின் கே துணையோடு வேலை செய்யும் ஒரே மாதிரியான பகுதி நான்கிலும் இருக்கிறது. மற்ற புரதங்களை வெட்டும் பகுதியோ கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற செரிமான நொதியை ஒத்திருக்கிறது. பழைய மரபணு ஒன்று நகலாகி, நகல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வேறு வேறு வேலைகளை எடுத்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். அப்படியானால் காரணிகள் குறைவாக உள்ள ஓர் உயிரினமும் இருக்க வேண்டுமல்லவா? லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, நம்மிடம் உள்ள ஃபேக்டர் 8, 9 இரண்டும் அதனிடம் தனியாக இல்லை என்று தெரிந்தது. அதன் ரத்தமும் உறையத்தான் செய்கிறது.

வழக்கில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பரிணாமம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் பல நூல்களும் பீஹீயின் முன் வைக்கப்பட்டன. அவை போதாது என்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் படித்திருக்கவில்லை. படிக்காமலே போதாது என்று சொல்லும் பழக்கத்தை 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கக் கூடாது.

2005 டிசம்பர் 20 அன்று, நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல, மதக் கருத்துதான், அரசுப் பள்ளி அறிவியல் வகுப்பில் இதற்கு இடம் கொடுப்பது அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றார். அவரை நியமித்தவர் பழமைவாதக் குடியரசுக் கட்சியின் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். சாட்சி சொன்ன மில்லர் கத்தோலிக்கர். கடவுள் நம்பிக்கைக்கு எதிரான வழக்காக இதைப் பார்ப்பது தவறு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

உயிரியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் உறைவதைக் காட்டி ஒரு மாணவி கேள்வி கேட்டால், தயவுசெய்து அடக்கிவிடாதீர்கள். டால்பினுக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்று அவளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.