உத்திரமும் மரம்தான், மரத்தூளும் மரம்தான்

"மரம்னா குப்புன்னு பத்திக்குமுங்க, இரும்பு ஷெட்டுன்னா பயமில்லீங்க." மரமில் வைத்திருப்பவர்களே இப்படிச் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. தீயணைப்பு வண்டியில் இருபது வருடங்களுக்கு மேல் போனவன் நான்.

காங்கேயம் பக்கம் ஒரு பழைய தொட்டிக்கட்டு வீடு. சமையலறையில் பிடித்த தீ ஓட்டுக்கூரைக்கு ஏறிவிட்டது. நாங்கள் போனபோது ரீப்பர்கள் எரிந்து ஓடுகள் சரிந்துகொண்டிருந்தன. உத்திரம் மட்டும் கன்னங்கரேலென்று அப்படியே நின்றது. அணைத்த பிறகு கோடாலியால் கொத்திப் பார்த்தோம். ஒரு விரல் ஆழத்துக்குள்ளேயே நல்ல மரம் தெரிந்தது. சுமார் 300 டிகிரியில் மரத்தின் மேல்பகுதி கரியாகிறது. அந்தக் கரியே சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதனால் பருத்த மரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரிந்துகொண்டு போகும். இரும்புக்கு இந்தக் காப்பு இல்லை. 550 டிகிரி வாக்கில் அதன் பலம் பாதியாகிவிடும், அப்புறம் வளைந்து இறங்கும். எரியும் இரும்பு ஷெட்டுக்குள் என் ஆட்களை அனுப்பத்தான் நான் அதிகம் தயங்கியிருக்கிறேன்.

சரி, அதே மரத்தை அறுத்துத் தூளாக்கினால்? ஒரு மரமில்லில் தூள் குவியலில் புகை வந்திருக்கிறது. பைப்பைப் பிடித்து நனைத்துவிட்டு, "அணைச்சாச்சுங்க" என்று படுக்கப் போய்விட்டார்கள். விடியற்காலையில் ஷெட்டே எரிந்தது. தண்ணீர் மேலாக ஓடி வழிந்துவிடும். கங்கு உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்க் கழிவுக் குவியல்களிலும் இதே தொல்லைதான்.

தயவுசெய்து ஒன்று கேளுங்கள். குவியல் மீது தண்ணீரை வேகமாகப் பீச்சாதீர்கள். தூள் காற்றில் கிளம்பி, அந்தத் தூசியே வெடித்ததுபோல் ஒரே நொடியில் தீப்பிடிக்கும். நாங்கள் தூறலாகத் தெளித்து, நுரைக் கரைசல் கலந்து, மண்வெட்டியால் இழுத்துப் பரப்பிப் பரப்பி நனைப்போம். மோட்டார் மேல் படிந்த தூசியைத் தினமும் சாயங்காலம், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். தூளை மில்லுக்குள் சேர்த்து வைக்க வேண்டாம்.

நீங்களே அணைத்துவிட்டாலும் 101க்குச் சொல்லுங்கள். நாங்கள் வந்து குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போகிறோம்.